ஏசியைத் திட்டறதுக்கு முன்னாடி மீட்டரைப் பாருங்க: வீட்டுக்கு எனர்ஜி மானிட்டர் வாங்கலாமா?



2025 ஜூன்ல எங்க வீட்டுக்கு வந்த கரண்ட் பில் 3,938 ரூபாய். 712 யூனிட். அதுக்கு முந்தின வருஷம் இதே கோடையில ஓடினது 534 யூனிட்தான். நடுவுல புதுசா எந்தப் பொருளும் வாங்கல, வீட்டுல ஆளும் கூடல. அப்போ இந்த 178 யூனிட் எங்கிருந்து வந்துச்சு?

நான் யோசிக்கவே இல்லை. நேரா அம்மா ரூமுக்குப் போய், "ஏம்மா, மத்தியானம் முழுக்க ஏசி ஓடுதா?"ன்னு கேட்டுட்டேன். "சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் போடறேன்டா, அவ்வளவுதான்"னாங்க. நான் நம்பல. பில்லை எடுத்து நீட்டினேன். அம்மா அதை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம திருப்பிக் கொடுத்துட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பார்க்கறேன். ஹால்ல ஃபேனுக்குக் கீழ, ஈரத் துண்டைக் கழுத்துல போட்டுக்கிட்டு அம்மா உட்கார்ந்திருக்காங்க. "ஏம்மா ஏசி போடல?"ன்னா, "நீ சொன்ன அன்னிலேர்ந்து போடறதில்லையே"ங்கறாங்க. ரிமோட் அலமாரிக்குள்ள இருந்துச்சு.

என் தொழில் ஆடிட்டிங். கிளையன்ட் ஆபீஸ்ல அக்கவுன்டன்ட் "இது டிராவல் செலவாத்தான் சார் இருக்கும்"னு சொன்னா, "வவுச்சர் எங்கே?"ன்னு கேட்கிற ஆள் நான். சொந்த வீட்டுல ஒரு வவுச்சர்கூடப் பார்க்காம அம்மா மேல ரிப்போர்ட் எழுதிட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா எங்க ஈபி மீட்டர் முன்னாடி போய் நின்னேன்.

இந்தப் பதிவு அந்த மீட்டரைப் பத்தித்தான். வீட்டுல எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு காட்டுற கருவிகள் இப்போ 800 ரூபாயிலிருந்து கிடைக்குது. "இதை மாட்டினா பில் குறையுமா சார்?"னு நிறைய பேர் கேட்கறீங்க. மாட்டினதால மட்டும் ஒரு ரூபாய்கூட குறையாது. எடை மிஷின் வாங்கினா உடம்பு இளைக்குமா? ஆனா சரியான இடத்துல, சரியான விலையில வாங்கினா, எங்கே கை வைக்கணும்னு அது காட்டும். அது உங்க வீட்டுக்குத் தேவையா, தேவைன்னா எவ்வளவு செலவு பண்ணலாம்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல பில்லைப் புரிஞ்சுக்கோங்க

தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கறாங்க. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த கட்டணத்தை வைச்சுத்தான் இங்கே எல்லாக் கணக்கும் போட்டிருக்கேன். நீங்க படிக்கிறப்போ ரேட் மாறியிருந்தா புது ரேட்டைப் போட்டுக்கோங்க, முறை ஒண்ணுதான்.

ரெண்டு மாசத்துல 500 யூனிட்டுக்குள்ள இருந்தா:

• முதல் 100 யூனிட்: இலவசம்
• 101 முதல் 200 வரை: யூனிட் 2.35 ரூபாய்
• 201 முதல் 400 வரை: 4.70 ரூபாய்
• 401 முதல் 500 வரை: 6.30 ரூபாய்

500-ஐத் தாண்டிட்டா:

• முதல் 100 யூனிட்: இலவசம்
• 101 முதல் 400 வரை: 4.70 ரூபாய்
• 401 முதல் 500 வரை: 6.30 ரூபாய்
• 501 முதல் 600 வரை: 8.40 ரூபாய்
• 601 முதல் 800 வரை: 9.45 ரூபாய்
• 801 முதல் 1,000 வரை: 10.50 ரூபாய்
• அதுக்கு மேல: 11.55 ரூபாய்

ரெண்டு பட்டியலையும் ஒண்ணு மேல ஒண்ணு வைச்சுப் பாருங்க. 500-ஐத் தாண்டின உடனே 101-லேர்ந்து 200 வரைக்குமான அந்த 2.35 ரூபாய் சலுகை காணாமப் போயிடுது. அதாவது, 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை 243 ரூபாய் 40 காசு!

இன்கம் டாக்ஸ்ல ஸ்லாப் மாறினா, தாண்டின பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் வரி. அந்தப் பழக்கத்துல கரண்ட் பில்லையும் அப்படியே நினைச்சுக்கறோம். இங்கே 500-ங்கற கோட்டைத் தாண்டினா, ஏற்கெனவே செலவழிச்ச யூனிட்டோட விலையும் சேர்ந்து ஏறும்.

இன்னொரு விஷயம். 700 யூனிட் ஓடற வீட்டுக்கு பில் 3,825 ரூபாய். வகுத்துப் பார்த்தா சராசரி யூனிட் விலை 5 ரூபாய் 46 காசு. "அஞ்சரை ரூபாதானே"ன்னு தோணும். ஆனா நீங்க ஒரு யூனிட் மிச்சம் பண்ணா மிச்சமாகறது சராசரி விலை கிடையாது, கடைசி ஸ்லாப்போட விலை. அது 9.45. எதையாவது குறைக்கலாமான்னு யோசிக்கிறப்போ எப்பவும் கடைசி யூனிட் விலையை வைச்சுக் கணக்குப் போடுங்க. எங்க பாடத்துல இதுக்குப் பேர் மார்ஜினல் காஸ்ட்.

காசே செலவில்லாத மானிட்டர்: உங்க ஈபி மீட்டர்

கருவி வாங்கறதுக்கு முன்னாடி, வாசல்ல ஏற்கெனவே ஒரு கருவி இருக்கு. அதைப் படிக்கப் பழகுங்க.

டிஜிட்டல் மீட்டர்ல எண்கள் மாறி மாறி ஓடும். தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் வரும். அதுல கேடபிள்யூஹெச்னு ஆங்கிலத்துல போட்டு வர்ற எண்தான் மொத்த யூனிட். போன தடவை ரீடிங் எடுத்தப்போ இருந்த எண் உங்க பில்லுல இருக்கும். இன்னிக்கு இருக்கிற எண்ல இருந்து அதைக் கழிச்சா, இந்த பில்லுல இதுவரைக்கும் ஓடின யூனிட் தெரிஞ்சுடும்.

500-க்குள்ள இருக்கணும்னா ஒரு நாளைக்கு உங்க பட்ஜெட் 8.3 யூனிட். 30-ஆவது நாள் பார்க்கிறப்போ 250 இருக்கணும். 290 இருந்தா இன்னும் 30 நாள் கையில இருக்கு, சரி பண்ணிக்கலாம். பில் வந்த பிறகு பார்த்தா பண்றதுக்கு ஒண்ணும் இல்லை. வாரம் ஒரு தடவை மீட்டரை போன்ல போட்டோ எடுத்து வைச்சா போதும். போட்டோவுல தேதியும் சேர்ந்தே பதிவாயிடும்.

அடுத்தது, அந்த மினுக்குற சின்ன சிவப்பு லைட். மீட்டர் முகப்புல, ஒரு யூனிட்டுக்கு அந்த லைட் எத்தனை தடவை மினுக்கும்னு அச்சடிச்சிருப்பாங்க. "3200 ஐஎம்பி / கேடபிள்யூஹெச்" மாதிரி இருக்கும். உங்க மீட்டர்ல எண் வேறயா இருக்கலாம், பார்த்துக்கோங்க. 3200-ன்னு இருந்தா, ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை மினுக்குதோ அதை 18.75-ஆல பெருக்குங்க. அந்த நிமிஷத்துல உங்க வீடு எத்தனை வாட் இழுக்குதுன்னு வந்துடும். வேற எண்ணா இருந்தா, 60,000-ஐ அந்த எண்ணால வகுத்து, வர்றதை வைச்சுப் பெருக்குங்க.

அன்னிக்கு ராத்திரி நான் பண்ணது இதைத்தான். 11 மணிக்கு எங்க ரூம் ஏசியை நிறுத்திட்டு, லைட் எல்லாம் அணைச்சுட்டு, போன் டார்ச்சோட கீழே மீட்டர் போர்டுக்குப் போனேன். ஒரு நிமிஷத்துக்கு 18 மினுக்கல். சுமார் 337 வாட். ஓடறது ரெண்டு ஃபேன், வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், ஃப்ரிட்ஜ். அவ்வளவுதான்.

"ஃப்ரிட்ஜ் பிளக்கை மட்டும் எடு"ன்னு போன்ல மனைவிகிட்ட சொன்னேன். மினுக்கல் 9 ஆச்சு. அதாவது, மொத்தத்துல பாதி ஃப்ரிட்ஜோடது. அதுல மட்டும் தப்பு சொல்ல முடியாது, கம்ப்ரஸர் ஓடற நேரத்துல அவ்வளவு இழுக்கும். ஆனா நல்லா இருக்கிற சாதா ஃப்ரிட்ஜ்ல கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிக்கும். பிளக்கைத் திரும்ப மாட்டிட்டு அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மூணு முறை போய் எண்ணினேன். மூணு முறையும் 18. எங்க ஃப்ரிட்ஜ் நிக்கவே இல்லை.

வாட்ச்மேன் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரவாயில்லை.

அதே மீட்டர்ல இன்னொரு சோதனை

ஃபிளாட்லயும் வாடகை வீட்லயும் இருக்கிறவங்க இதை அவசியம் பண்ணிப் பாருங்க. வீட்டுக்குள்ள மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, கீழே போய் உங்க மீட்டரைப் பாருங்க. மினுக்கல் நின்னுடணும். சில மீட்டர்ல லைட் அணையாம ஒரேயடியா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அது பிரச்சினை இல்லை. தொடர்ந்து மினுக்கினாத்தான் விஷயம். உங்க மீட்டருக்கும் வீட்டு மெயினுக்கும் நடுவுல வேற யாரோ, இல்லைன்னா வேற ஏதோ கரண்ட் எடுக்குதுன்னு அர்த்தம். மாடிப்படி லைட்டா இருக்கலாம், பொது மோட்டாரா இருக்கலாம், வயர்ல லீக்கேஜாவும் இருக்கலாம். உடனே வீட்டு ஓனர்கிட்டயோ அசோசியேஷன்லயோ சொல்லி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைச்சுப் பாருங்க. நீங்களே நோண்டாதீங்க.

ஓனர் சப் மீட்டர் வைச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கறாரா? மாசாமாசம் அந்த மீட்டரை உங்க போன்ல போட்டோ எடுத்து வைங்க. வாடகை வீட்டுக்குக் குடிபோற அன்னிக்கே முதல் போட்டோ எடுத்துடணும். பின்னாடி பேச்சு வந்தா ஆதாரம் அதுதான்.

இனி கருவிகள்: என்னென்ன இருக்கு?

விலை எல்லாம் ஆன்லைன்ல சுமாரா இருக்கிறது. ஆஃபர் சமயத்துல ஏறும், இறங்கும்.

1. எனர்ஜி மானிட்டரிங் உள்ள ஸ்மார்ட் பிளக். 1,000 முதல் 1,500 ரூபாய்.

சுவத்து பிளக் பாயின்டுக்கும் பொருளுக்கும் நடுவுல மாட்டறது. அந்த ஒரு பொருள் எவ்வளவு யூனிட் எடுக்குதுன்னு போன் ஆப்ல காட்டும். எலக்ட்ரீஷியன் வேண்டாம். ஒரு வாரம் ஃப்ரிட்ஜ், அடுத்த வாரம் வாஷிங் மிஷின்னு மாத்தி மாத்திப் போடலாம். வாங்கறப்போ ரெண்டு விஷயம் பாருங்க. எல்லா ஸ்மார்ட் பிளக்கும் யூனிட் காட்டாது. சிலது ஆன், ஆஃப் மட்டும்தான் பண்ணும். "எனர்ஜி மானிட்டரிங்"னு போட்டிருக்கணும். அப்புறம், கீசர், ஏசி மாதிரி பெரிய லோடுக்கு 16 ஆம்பியர் பிளக்தான் வாங்கணும். 10 ஆம்பியர் பிளக்குல அதையெல்லாம் மாட்டினா சூடாகி உருகிடும்.

2. டிஸ்பிளே உள்ள எனர்ஜி மீட்டர். 800 முதல் 1,500 ரூபாய், எலக்ட்ரீஷியன் கூலி தனி.

எம்சிபி பெட்டிக்குள்ள எம்சிபி மாதிரியே வரிசையா மாட்டற சின்ன மீட்டர். ஆப் கிடையாது, வைஃபை கிடையாது. நேரா பார்த்து எண்ணைப் படிக்கணும். மீட்டர் கீழே எங்கேயோ பூட்டின ரூம்ல இருக்கிற ஃபிளாட்டுக்கு இது நல்லது. மாடியில ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தா தனிக் கணக்குக்கும் உதவும்.

3. கிளாம்ப் வைச்ச வைஃபை மானிட்டர். சிங்கிள் ஃபேஸுக்கு 2,000 முதல் 5,000 ரூபாய். த்ரீ ஃபேஸுக்கு இன்னும் கூடும்.

மெயின் வயரைச் சுத்தி ஒரு வளையம் மாதிரி மாட்டுவாங்க. வயரை வெட்ட வேண்டியதில்லை. வயர்ல ஓடற கரண்ட் உண்டாக்கற காந்தப்புலத்தை வைச்சு அது அளக்குது. மொத்த வீட்டுக் கணக்கும் நிமிஷத்துக்கு நிமிஷம் போன்ல வரும். 500-ஐ நெருங்கறப்போ எச்சரிக்கை வர்ற மாதிரி சில ஆப்ல செட் பண்ணலாம்.

இதுல மூணு இடத்துல ஏமாறுவோம். ஒண்ணு, வளையத்தை ஃபேஸ் வயர்ல மட்டும்தான் போடணும். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து உள்ளே விட்டா ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணி பூஜ்யம் காட்டும். ரெண்டு, சில மலிவான மாடல்ல வளையம் மட்டும் இருக்கும், வோல்டேஜ் அளக்க வயர் இருக்காது. அது ஆம்பியரை மட்டும் பார்த்து வாட்டை உத்தேசமா போடும். மோட்டார், பழைய ஃபேன் மாதிரி பொருள்ல அந்தக் கணக்கு தப்பும். வோல்டேஜையும் சேர்த்து அளக்கற மாடலா பார்த்து வாங்குங்க. மூணு, த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு மூணு வளையம் வேணும். ஒண்ணு மட்டும் போட்டா கால்வாசி வீடோ அரைவாசி வீடோதான் கணக்குல வரும்.

4. ஸ்மார்ட் மீட்டர்.

இது நாம கடையில வாங்கற பொருள் இல்லை, மின்வாரியமே மாத்திக் கொடுக்கறது. சென்னை தி.நகர் பகுதியில முன்னோட்டமா வைச்சிருக்காங்க. உங்க ஏரியாவுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்துட்டா, மொத்த வீட்டுக் கணக்குக்குன்னு தனிக் கருவி வாங்கறதுக்கு முன்னாடி, அதுல உங்களுக்கு என்ன விவரம் பார்க்கக் கிடைக்குதுன்னு பாருங்க.

கூடவே ஒண்ணு சொல்லிடறேன். "பிளக்குல மாட்டினா பில் பாதியாகும்"னு ஒரு டப்பா விக்கறாங்க. பவர் சேவர்னு பேர். உள்ளே பெரும்பாலும் ஒரு கெபாசிட்டர் இருக்கும், மேல ஒரு பச்சை லைட் எரியும். அது பவர் ஃபேக்டரைச் சரி பண்ணும்னு சொல்வாங்க. நம்ம வீட்டு பில் பவர் ஃபேக்டரைப் பார்த்துப் போடறதில்லை, யூனிட்டைப் பார்த்துப் போடறது. அதனால அந்த டப்பாவால பில் குறையாது. பச்சை லைட் எரியற கரண்ட்டுக்கும் நீங்கதான் காசு கட்டணும்.

உங்களுக்கு வேணுமா? மூணு வீட்டுக் கணக்கு

வீடு 1: தனியா இருக்கிற பேச்சிலர், ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட். பில் 188 ரூபாய். கருவி மாட்டி எப்படியோ கஷ்டப்பட்டு 20 சதவீதம், அதாவது 36 யூனிட் குறைச்சாலும், மிச்சம் 84 ரூபாய் 60 காசு. வருஷத்துக்கு சுமார் 508. 4,000 ரூபாய் கிளாம்ப் மானிட்டர் வாங்கினா போட்ட காசு திரும்ப வர கிட்டத்தட்ட 8 வருஷம். வாங்காதீங்க. அந்தக் காசை எமர்ஜென்சி ஃபண்டுல போடுங்க.

வீடு 2: கணவன், மனைவி, ஒரு குழந்தை. கோடையில 560 யூனிட். பில் 2,544 ரூபாய். இவங்க 65 யூனிட் குறைச்சு 495-க்குக் கொண்டு வந்தா பில் 1,773 ரூபாய் 50 காசு. மிச்சம் 770 ரூபாய் 50 காசு. அதாவது, குறைச்ச ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட 11 ரூபாய் 85 காசு! 500 கோட்டைத் தாண்டி உள்ளே வர்றதாலதான் இவ்வளவு. இந்த வீட்டுக்குக் கருவி உதவும். 3,000 ரூபாய் மானிட்டருக்கு 4 பில்லுல காசு திரும்பிடும். ஆனா வருஷத்துக்கு 6 பில்லுல கோடையை ஒட்டின 2 அல்லது 3 பில்தான் 500-ஐத் தாண்டும்னா, சுமார் ஒண்ணேகால்ல இருந்து 2 வருஷம் ஆகும். இவங்களுக்கு நான் சொல்றது: முதல்ல வாராவாரம் போட்டோ. அதுலயும் எங்கே போகுதுன்னு புரியலைன்னா ஒரு ஸ்மார்ட் பிளக். அதுக்கப்புறம்தான் கிளாம்ப்.

வீடு 3: 700-க்கு மேல, ரெண்டு மூணு ஏசி, கீசர், பெரியவங்க வீட்டுல. இங்கே ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் 45 காசுக்கு மேல. எந்தப் பொருள் எவ்வளவுன்னு தெரியாமலே வருஷத்துக்கு 20,000 ரூபாய் கட்டிக்கிட்டிருப்பாங்க. கிளாம்ப் மானிட்டர் இவங்களுக்கு நியாயமான செலவு.

வீடு எதுவா இருந்தாலும் மனசுல வைச்சுக்க வேண்டிய ஒரு கணக்கு இது: 24 மணி நேரமும் ஓடற ஒவ்வொரு 10 வாட்டுக்கும் 60 நாள்ல 14.4 யூனிட். 4.70 ஸ்லாப்ல இருந்தா 68 ரூபாய், 9.45 ஸ்லாப்ல இருந்தா 136 ரூபாய். ராத்திரி எல்லாம் அணைச்ச பிறகும் எத்தனை வாட் ஓடுதோ, அதுதான் வீட்டோட நிரந்தரச் செலவு. பிசினஸ்ல ஃபிக்ஸட் காஸ்ட் பார்க்கற மாதிரி, முதல்ல அதைப் பாருங்க.

மாட்டறப்போ கவனம்

ஈபி மீட்டரையும் அதோட சீலையும் தொடவே கூடாது. மீட்டருக்கு முன்னாடி வர்ற வயர்ல எதையும் மாட்டக் கூடாது. உங்க கருவி எப்பவும் மீட்டருக்குப் பிறகு, வீட்டு எம்சிபி பெட்டிக்குள்ளதான். மின்சாரச் சட்டம் 2003-ல மின் திருட்டுக்கு 135-ஆவது பிரிவு, மீட்டர்ல கை வைக்கறதுக்கு 138-ஆவது பிரிவு இருக்கு. "அளக்கத்தான் சார் மாட்டினேன்"னு விளக்கம் சொல்ற நிலைமைக்குப் போகாதீங்க.

மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணாலும், மெயினுக்கு உள்ளே வர்ற வயர்ல கரண்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும். யூடியூப் பார்த்து நீங்களே பெட்டியைத் திறக்காதீங்க. என் வீடியோவைப் பார்த்தும் திறக்காதீங்க. எலக்ட்ரீஷியன் கூலி 500 ரூபாயில உயிரை எடை போட வேண்டாம்.

வைஃபை மானிட்டர்ல இன்னொரு விஷயம். உங்க வீட்டுல எப்போ கரண்ட் ஓடுது, எப்போ ஓடலைங்கறது அந்த கம்பெனியோட சர்வருக்குப் போகும். வீடு எப்போ பூட்டியிருக்குன்னு அதை வைச்சே சொல்லிடலாம். பாஸ்வேர்டைப் பலமா வைங்க, ஆப் கேட்கிற எல்லா அனுமதியையும் கொடுக்காதீங்க.

மொத்த வீட்டை அளக்கிற கருவியை மாட்டின முதல் வாரம், அது காட்டற யூனிட்டையும் ஈபி மீட்டர் காட்டற யூனிட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. பேங்க் ரீகன்சிலியேஷன் மாதிரி. கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ரொம்ப இருந்தா வளையம் சரியா மாட்டலைன்னு அர்த்தம். பில் போடறது ஈபி மீட்டரை வைச்சுத்தான், அதை மறக்காதீங்க.

எங்க வீட்டுல கடைசியில என்ன ஆச்சு?

மறுநாள் 1,200 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கி ஃப்ரிட்ஜுக்கு மாட்டினேன். 24 மணி நேரத்துல 4.2 யூனிட். 60 நாளைக்கு 252 யூனிட். மெக்கானிக் வந்து கதவு இடுக்குல ஒரு காகிதத்தை வைச்சு மூடி இழுத்தார். வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் கேஸ்கெட் கீழ்ப்பக்கம் இறுகிப் போய், சரியா ஒட்டாம இருந்திருக்கு. வெளிச் சூடு உள்ளே போய்க்கிட்டே இருக்க, கம்ப்ரஸர் நிக்காம ஓடியிருக்கு. கேஸ்கெட் மாத்தின பிறகு ஒரு நாளைக்கு 1.4 யூனிட். 60 நாளைக்கு 168 யூனிட் மிச்சம். நான் அம்மா கணக்குல எழுதினது 178 யூனிட்.

அடுத்த பில் 486 யூனிட், 1,717 ரூபாய். அது முழுக்க ஃப்ரிட்ஜால குறைஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். வெயில் தணிஞ்சு எங்க ரூம் ஏசியும் குறைவாத்தான் ஓடுச்சு. ஆனா ஃப்ரிட்ஜோட பங்கு எவ்வளவுன்னு பிளக் காட்டினதால எனக்குத் தெரியும்.

பெரிய மானிட்டர் நான் இன்னும் வாங்கல. எனக்கு இருந்த கேள்விக்கு 1,200 ரூபாய் பதிலே போதுமா இருந்துச்சு. நீங்களும் அப்படியே முடிவு பண்ணுங்க. எந்தக் கேள்விக்குப் பதில் வேணும்னு முதல்ல எழுதுங்க. அதுக்குப் பதில் சொல்ற கருவியில விலை கம்மியானதை வாங்குங்க. கேள்வியே இல்லாம வாங்கினா, முதல் வாரம் ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பீங்க, அப்புறம் மறந்துடுவீங்க.

பிறகு 16 ஆம்பியர் பிளக் ஒண்ணு வாங்கி அம்மா ரூம் ஏசிக்கும் மாட்டினேன். சந்தேகத்துல இல்லை. அம்மாவைத் திரும்ப ஏசி போட வைக்க எனக்கு ஒரு எண் தேவைப்பட்டுச்சு. ஒரு நாளைக்கு 1.8 யூனிட் வந்துச்சு. மத்தியானம் ஒண்ணரைக்கு ஆன், மூணரைக்கு ஆஃப். அம்மா சொன்ன அதே ரெண்டு மணி நேரம். ரெண்டு மாசத்துக்கு 108 யூனிட். 9.45 ரேட்ல போட்டாலும் சுமார் 1,020 ரூபாய், ஒரு நாளைக்கு 17 ரூபாய். நான் ஆபீஸ் வாசல்ல குடிக்கிற ஒரு டீ, அவ்வளவுதான்.

அளந்து பார்க்கிறது எல்லாமே குறைக்கிறதுக்குத்தான்னு நினைச்சுக்காதீங்க. எந்தச் செலவைக் குறைக்கக் கூடாதுன்னும் அளந்தாத்தான் தெரியும். போன்ல அந்த கிராஃபை அம்மாகிட்ட காட்டி, "மன்னிச்சுக்கோம்மா, நீ சொன்னது சரிதான்"னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உத்துப் பார்த்துட்டு, "அப்போ இனிமே மூணு மணி நேரம் போடலாமாடா?"ன்னு கேட்டாங்க.

போடலாம்மா.

மீட்டர்ல மினுக்கலை எண்ணறது எப்படின்னு இந்த வாரம் நம்ம சேனல்ல செஞ்சே காட்டியிருக்கேன். இன்னிக்கு ராத்திரி ஒரு நிமிஷம் உங்க மீட்டர் முன்னாடி நின்னு எண்ணிப் பாருங்க. வீட்டுல யாரையும் திட்டறதை அதுக்கப்புறம் வைச்சுக்கலாம்.